உங்களுக்குத் தெரியுமா? சுருதி நழுவும் இடம்

கிதாரில் சுருதி நிற்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ட்யூனிங் கீயைத்தான். தினமும் கையில் திருகுவது அதைத்தானே! பலர் பழைய கீயைக் கழற்றிவிட்டு விலை கூடிய புதியதை மாட்டுகிறார்கள். சுருதி மறுபடியும் இறங்குகிறது. பெரும்பாலும் கோளாறு இருப்பது கீயில் அல்ல. ஃப்ரெட்போர்டு முடிந்து தலைப்பகுதி தொடங்கும் இடத்தில், தந்திகளுக்கு அடியில் குறுக்கே கிடக்கிறதே ஒரு சிறு துண்டு, அதில்தான். கிதார் கலைஞர்கள் அதை நட் என்பார்கள். இந்த இதழில் அதைப் பற்றிய தகவல்கள்.

★ ட்யூனிங் கீக்குள் இருப்பது புழுப்பல் சக்கரம். குமிழை 14 சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். சில மாடல்களில் 18 சுற்று. இந்த அமைப்பில் குமிழால் தண்டைத் திருப்ப முடியும். தண்டால் குமிழைத் திருப்ப முடியாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னோக்கிச் சுழலாது. திருகு தளர்ந்திருந்தாலோ பல் தேய்ந்திருந்தாலோ தவிர, கீயைக் குறை சொல்ல இடமில்லை.

★ சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கீயைத் திருப்புகிறோம், சுருதி ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்புகிறோம், அப்போதும் அசையவில்லை. திடீரென்று ‘டிங்’, சுருதி தேவைக்கு மேலே போய் நிற்கிறது. தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கியிருந்து, பின்னால் இழுவிசை சேர்ந்து சேர்ந்து ஒரே நொடியில் விடுபட்ட சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் வேறு எதையும் சோதிக்கும் முன் நட்டைப் பாருங்கள்.

★ சுருதி எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை வைத்தே நட்டின் குறையைக் கண்டுபிடிக்கலாம். தந்தியை விரலால் வளைத்து வாசிக்கும்போது, நட்டுக்குப் பின்னால் இருக்கும் தந்தியில் ஒரு துளி முன்பக்கம் வழுக்கி வருகிறது. விரலை எடுத்ததும் அது திரும்பிப் போக வேண்டும். பள்ளம் பிடித்துக்கொண்டால் போகாது. சுருதி இறங்கி நிற்கும். ட்ரெமோலோ கம்பியை அழுத்தித் தந்தியைத் தளர்த்தும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. தந்தி பின்பக்கம் வழுக்கி அங்கேயே தங்கிவிடுகிறது. கம்பியை விட்டதும் சுருதி ஏறி நிற்கும். வளைத்தபின் இறங்குகிறது, அழுத்தியபின் ஏறுகிறது என்றால் நட் மாட்டிக்கொண்டது.

மேடையில் இருப்பவர்களுக்கு ஓர் உடனடி வழி உண்டு. இறங்கிய தந்தியை நட்டுக்கும் கீக்கும் நடுவில் ஒருமுறை விரலால் அழுத்தினால், முன்னால் வந்துவிட்ட துளி பின்னால் போய்விடும். ஏறிய தந்தியை ஒருமுறை நன்றாக வளைத்து விட்டால் போதும். பாட்டின் நடுவே அனுபவசாலிகள் இதைச் செய்வது பார்வையாளர்களுக்குத் தெரிவதே இல்லை.

★ ஒரு சிறு கணக்கு. வளைந்து செல்லும் தந்தி உராய்வால் எவ்வளவு பிடிபடும் என்பதைக் கணக்கிட இயற்பியலில் சூத்திரம் உண்டு. கப்பலின் வடத்தைக் கம்பத்தில் சுற்றி நிறுத்துவதற்கும் அதே சூத்திரம்தான். நட்டின் மேல் தந்தி 14 டிகிரி வளைகிறது, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். நட்டின் முன்னும் பின்னும் இழுவிசையில் 5 சதவீதம் வரை வேறுபாடு இருந்தாலும் தந்தி நகராமல் நிற்கும். அந்த 5 சதவீதம் சுருதியில் சுமார் 42 சென்ட். ஒரு அரைச் சுரம் 100 சென்ட். அதாவது அரைச் சுரத்தில் ஏறக்குறைய பாதி! உராய்வைப் பாதியாகக் குறைத்தால் இதுவும் 21 சென்ட்டாகக் குறைந்துவிடும். கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் எந்த ரசிகரின் காதிலும் 42 சென்ட் உறுத்தும். நட்டைத் தேர்ந்தவர் கையில் கொடுத்துச் சீர்செய்வது வீண் செலவு இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

★ கிப்சன் லெஸ் பால் வாசிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஜி தந்தியைப் பற்றித்தான் புலம்புவார்கள். காரணம் தலைப்பகுதியின் வடிவம். பக்கத்துக்கு மூன்றாகக் கீகள் நிற்பதால் நடுவில் உள்ள டி, ஜி தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விரிந்து போக வேண்டியிருக்கிறது. தலைப்பகுதி வேறு பின்னோக்கி 17 டிகிரி சாய்ந்திருக்கிறது. கீழ்நோக்கி ஒரு வளைவு, பக்கவாட்டில் ஒரு வளைவு என இரண்டும் சேர்ந்து தந்தியைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்துகின்றன. 1960களின் நடுவில் கிப்சன் இந்தச் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தது. பின்னர் பல மாடல்களில் பழைய 17 டிகிரிக்கே திரும்பியது.

★ ஃபெண்டர் கிதார்களில் ஆறு கீயும் ஒரே பக்கம். தந்திகள் நட்டிலிருந்து கிட்டத்தட்ட நேராகவே கீக்குப் போகின்றன. பக்கவாட்டு வளைவு இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கிதார்கள் வந்தபோது இந்த அமைப்பு புதுமையாகத் தெரிந்தது. ஆனால் 1948-லேயே பால் பிக்ஸ்பி, மெர்ல் ட்ராவிஸுக்குச் செய்துகொடுத்த கிதாரில் ஆறு கீகளும் ஒரே வரிசையில் இருந்தன. அதற்கும் நூறாண்டுக்கு முன்பே வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டௌஃபர் அப்படிச் செய்திருக்கிறார். 1833-ல் அமெரிக்கா போய் மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கிய சி.எஃப். மார்ட்டினின் ஆரம்பகாலக் கிதார்களிலும் ஸ்டௌஃபர் பாணித் தலைப்பகுதியைக் காணலாம்.

ஃபெண்டரிலும் ஒரு குறை உண்டு. தலைப்பகுதி சாயாமல் தட்டையாக இருப்பதால் தொலைவில் உள்ள மெல்லிய தந்திகள் நட்டின் மேல் போதிய அழுத்தம் இல்லாமல் நிற்கும். அவற்றைக் கீழே பிடித்துவைக்க ஒரு சிறு கொக்கி போட்டார்கள். உராய்வு ஏற்பட அது இன்னொரு இடம்!

★ தந்தியின் தடிமனை மாற்றினால் நட்டையும் பார்க்க வேண்டும். 9-ஆம் எண் செட்டுக்காக அறுக்கப்பட்ட பள்ளத்தில் 11-ஆம் எண் செட்டைப் போட்டால் தந்தி இறுகிக்கொள்ளும். பள்ளம் தந்தியை விட ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமாக இருந்தால் சரி. அதைவிட மிகுந்தால் தந்தி உள்ளே ஆடி அதிரும். மறுபுறம், சுற்றுக்கம்பி போட்ட தடித்த தந்திகள் வாசிக்க வாசிக்கப் பள்ளத்தை அரம் போல அராவிக்கொண்டே இருக்கின்றன. மென்மையான பிளாஸ்டிக் நட் சில வருடங்களில் ஆழமாகிவிடுவது இதனால்தான்.

★ ஃப்ளாய்ட் ரோஸ் என்ற பெயரைக் கேட்டதும் ராக் ரசிகர்களுக்கு ட்ரெமோலோ நினைவுக்கு வரும். அவர் முதலில் கைவைத்தது நட்டில். நகை வேலை தெரிந்த இசைக்கலைஞர் அவர். ட்ரெமோலோவை அழுத்தி வாசித்தால் சுருதி கலைந்துவிடுகிறது; தந்தி நட்டில் நகர்வதுதான் காரணம் என்று கண்டுகொண்டார். நகரவே விடாமல் பூட்டிவிட்டால் என்ன என்று யோசித்து, பித்தளையில் தன் கையாலேயே பூட்டு நட் ஒன்றைச் செய்தார். 1979-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தந்தியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு முனைகளிலும் கவ்விப் பிடிக்கும் அந்த அமைப்பு 1980களின் ஹெவி மெட்டல் இசைக்கு அடையாளமாகவே ஆனது. எடி வான் ஹேலன் அதைப் பிரபலப்படுத்தியவர்களில் முதன்மையானவர். பூட்டு நட் கையில் கிடைக்கும் முன் அவரும் நட்டின் பள்ளங்களை அகலப்படுத்தி எண்ணெய் விட்டுத்தான் சமாளித்தார்.

★ நட்டைப் பூட்டிவிட்டால் கீயைத் திருகிப் பயனில்லை. வாசிக்க வாசிக்கச் சிறிது விலகும் சுருதியை எப்படிச் சரிசெய்வது? பின்னர் வந்த ஃப்ளாய்ட் ரோஸ் வடிவங்களில் பிரிட்ஜ் பக்கத்தில் தந்திக்கு ஒன்றாகச் சிறு திருகுகள் வைத்தார்கள்.

நம் தம்புராவைப் பாருங்கள். பிருடையில் தோராயமாகச் சுருதி சேர்த்தபின், குதிரைக்கு அப்பால் தந்தியில் கோத்திருக்கும் மணியை மெல்ல நகர்த்தி நுணுக்கமாகச் சேர்ப்பார்கள். வீணையில் அதே வேலையை லங்கரில் உள்ள சிறு வளையங்கள் செய்கின்றன. மேல்முனையைத் தொடாமல் கீழ்முனையில் நுண்சுருதி என்ற இந்த ஏற்பாடு எவ்வளவு தீர்க்கமானது என்பது நட்டின் உராய்வைப் புரிந்துகொண்ட பிறகுதான் முழுதாக விளங்குகிறது. பிருடையைத் திருகும்போது தந்தி மேல்முனையில் உரசிக்கொண்டு நகர வேண்டும். மணியை நகர்த்தும்போது அந்த உரசல் குறுக்கே வருவதில்லை.

★ வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எட்டுவார்கள். மின்கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்றவர்களின் கமகத்திலும் இந்த இழுப்பு உண்டு. ப்ளூஸ் வாசிப்பவர் ஒரு பாட்டில் சில இடங்களில் வளைப்பார். ராகம் வாசிப்பவருக்கோ வளைக்காத சுரம் குறைவு. கூடவே தம்புரா ஓயாமல் ஒலிக்கும் மேடையில் சிறு விலகலும் உடனே தெரிந்துவிடும். கிதாரில் கர்நாடக சங்கீதம் கற்கும் மாணவர்கள் விலை உயர்ந்த பிக்கப் வாங்கும் முன் நட்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

★ 1963-ல், 16 வயதில், பிரையன் மே தன் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின்கிதார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச் சட்டம் கிதாரின் கழுத்தானது. 1928-ஆம் ஆண்டு பேந்தர் மோட்டார் சைக்கிளின் சுருள்வில் ட்ரெமோலோவுக்குள் போனது. ‘ரெட் ஸ்பெஷல்’ என்ற அந்தக் கிதாரில்தான் குவீன் குழுவின் பாடல்களை அவர் வாசித்தார். உராய்வைக் குறைக்க அந்த இளைஞர் யோசித்திருக்கும் விதம் வியக்க வைக்கிறது. பிரிட்ஜில் தந்திகள் உருளைகளின் மேல் ஓடுகின்றன. மறுமுனையில் ‘ஜீரோ ஃப்ரெட்’. அங்கிருந்து தந்திகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் கீகளுக்குச் செல்கின்றன. ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டிய இடத்தில் பிரையன் மே வழுக்கவிட்டார். இரண்டுமே பலித்தன.

★ ஜீரோ ஃப்ரெட் என்றால் நட்டுக்கு முன்னால் போடும் கூடுதல் ஃப்ரெட். தந்தி அதன் மேல் உட்காரும். நட்டின் வேலை தந்திகளை இடைவெளியோடு பிடித்துவைப்பது மட்டும். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த பிரெஞ்சுக் கிதாரான செல்மரிலும் இது உண்டு.

★ உருளை நட்டும் உண்டு. ட்ரெவ் வில்கின்சன் வடிவமைத்த நட்டில் ஒவ்வொரு தந்தியும் ஒரு குட்டி உருளையின் மேல் போகும். ஜெஃப் பெக்கின் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதைப் பொருத்தியிருந்தார்கள். ட்ரெமோலோ கம்பியை விடாமல் கையில் வைத்திருந்த மனிதருக்கு அது பொருத்தமான தேர்வுதான்.

★ நெட் ஸ்டைன்பெர்கர் ஒரு படி மேலே போய்த் தலைப்பகுதியையே நீக்கிவிட்டார். அவருடைய தலையில்லாக் கிதார்களில் தந்தி மேல்முனையில் நங்கூரமிடப்பட்டிருக்கும். சுருதி சேர்ப்பது உடலின் அடிமுனையில்.

★ 2015-ல் கிப்சன் தன் பெரும்பாலான மாடல்களில் உயரம் மாற்றக்கூடிய பித்தளை நட்டைப் பொருத்தியது. வாடிக்கையாளர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே பாரம்பரிய நட் உள்ள மாடல்களும் வரிசையில் வந்துவிட்டன.

★ ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடக்கையர். வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை வரிசை மாற்றிப் போட்டு வாசித்தார். அப்படித் திருப்பும்போது தடித்த தந்தி இருந்த பள்ளத்துக்கு மெல்லிய தந்தி வந்துவிடும். மெல்லியதன் பள்ளத்தில் தடித்தது நுழையாது. இடக்கைக்கு மாற்றப்படும் ஒவ்வொரு கிதாருக்கும் முதல் வேலை நட்டை மாற்றுவது.

★ என்ன பொருளில் நட் வாங்குவது? விலை குறைந்த கிதார்களில் வருவது பிளாஸ்டிக். சிலவற்றில் உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். மாட்டெலும்பு நெடுங்காலமாக நிலைத்திருக்கும் பொருள்: கடினமானது, மெருகேறும், எளிதில் தேயாது. முன்பு யானைத் தந்தமும் பயன்பட்டது. 1989-ல் ஆப்பிரிக்க யானைகள் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்ட பிறகு சர்வதேச தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. யானையை விட உயர்ந்த சுருதி எந்தக் கிதாரிலும் இல்லை. கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் ‘டஸ்க்’ என்ற செயற்கைப் பொருளைச் செய்கிறது. அதில் ஒரு வகையில் டெஃப்லானும் கலந்திருப்பதால் தந்தி வழுக்கிச் செல்லும். ட்ரெமோலோ அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு அந்த வகை நல்லது. மற்றவர்களுக்கு நன்றாக அறுத்த எலும்பு போதும். மோசமாக அறுத்த உயர்ந்த பொருளை விட, கவனமாக அறுத்த சாதாரணப் பொருள் எப்போதும் மேல்.

★ நட்டை மாற்றினால் ஒலியே மாறிவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. திறந்த தந்தியில் மட்டுமே அது சாத்தியம். விரலை ஒரு ஃப்ரெட்டில் வைத்த உடனே தந்தியின் முனை அந்த ஃப்ரெட்தான். நட் அந்தச் சுரத்தில் பங்கெடுப்பதில்லை. நட் மாற்றுவதில் உறுதியாகக் கிடைக்கும் லாபம் சுருதி.

★ எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கிதாரைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலரின் விரலில் குறையில்லை. தொழிற்சாலையில் பள்ளத்தை ஆழமாக அறுத்துவிட்டால் நட் வீணாகிவிடும் என்பதால், விலை குறைந்த கிதார்களில் மேலோட்டமாகவே அறுத்து விடுகிறார்கள். தந்தி உயரத்தில் நிற்கிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்த இரட்டிப்புப் பலம் வேண்டியிருக்கிறது. அப்படி அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு அந்தச் சுரமும் ஏறிவிடுகிறது. திறந்த தந்திகள் ட்யூனரில் சரியாகக் காட்டும், முதல் மூன்று ஃப்ரெட்டில் பிடிக்கும் கார்டுகள் மட்டும் புளிக்கும்.

சோதிக்க எளிய வழி: தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் பள்ளம் மேலோட்டம். இடைவெளியே இல்லையென்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது. திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் பட்டு இரையும். கிதார் கற்றுத்தரும் ஒவ்வொருவரும் முதல் வகுப்பிலேயே மாணவரின் கிதாரில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எத்தனை குழந்தைகள் காரணம் தெரியாமலே ‘எனக்கு வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்!

★ பழைய நட்டைக் கழற்றும்போதுதான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. நட்டின் விளிம்பைச் சுற்றி வார்னிஷ் பூசியிருக்கும். அதைக் கூரிய பிளேடால் கீறி விடாமல் தட்டினால் தலைப்பகுதியின் பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிடும். கீறியபின், ஃப்ரெட்போர்டுக்கு மேல் ஒரு சிறு மரக்கட்டையை வைத்து, நட்டின் முன்பக்கத்தில் இலேசாகத் தட்டினால் பசை விடும். ஃபெண்டரில் நட் இரண்டு பக்கமும் மரம் உள்ள வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருக்கும். அதை அப்படித் தட்டக் கூடாது, பக்கவாட்டில்தான் தள்ளி எடுக்க வேண்டும். பிடிவாதமாக நின்றால் நட்டின் நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, குறட்டால் நெருக்கினால் இரண்டு துண்டாக வந்துவிடும்.

வாய்க்காலில் மிச்சமிருக்கும் பசையைச் சுரண்டிச் சமப்படுத்த வேண்டும். புதிய எலும்புத் துண்டு விரலால் அழுத்தினால் உட்காரவும், கவிழ்த்தால் விழாமல் நிற்கவும் வேண்டும். அந்தப் பொருத்தம் வரும்வரை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். எலும்புத் தூள் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் அவசியம்.

அடுத்தது இடைவெளி. தந்திகளின் மையத்திலிருந்து மையத்துக்குச் சம தூரம் வைத்தால் தடித்த தந்திகள் ஒன்றையொன்று நெருக்குவதாக விரலுக்குத் தோன்றும். அதனால் கைதேர்ந்தவர்கள் தந்திகளின் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சம இடைவெளி வைப்பார்கள். அறுக்கும்போது ஒவ்வொரு தந்திக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ற தனி அரம் வேண்டும். பள்ளத்தின் அடி கீயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்; தந்தி கடைசியாகத் தொடும் புள்ளி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும். சரிவு தலைகீழானால் தந்தி சிதார் போல இரையும். டி, ஜி தந்திகளுக்குப் பள்ளத்தின் பின்பாதியைக் கீ இருக்கும் பக்கம் இலேசாகத் திருப்பி அறுத்தால் பக்கவாட்டு உரசல் பெருமளவு குறையும். தடித்த தந்தியில் பாதி உள்ளே, பாதி வெளியே. முழுதும் புதைந்திருந்தால் சுவர்கள் பிடிக்கும். மேலே மிஞ்சும் எலும்பைத் தேய்த்துவிட வேண்டும்.

ஒட்டுவதற்கு இரண்டு சொட்டுப் பசை போதும். நட்டைப் பிடித்துவைப்பது தந்திகளின் இழுவிசைதான். இன்னொரு நாள் இன்னொருவர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து ஒட்டுவது நல்ல கைவினைஞருக்கு அழகு.

★ புதிய நட் வாங்கும் முன் பென்சிலை முயன்று பாருங்கள். 2பி பென்சிலின் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்தால் கிராஃபைட் ஒட்டிக்கொண்டு தந்தியை வழுக்கவிடும். வயலின் கலைஞர்களும் தந்தி மாற்றும்போதெல்லாம் இதைச் செய்வதுண்டு. ‘டிங்’ சத்தம் பென்சிலோடு போய்விட்டால் செலவு மிச்சம். சில நாளில் திரும்பி வந்தால் பள்ளத்தின் வடிவிலேயே குறை.

★ மாண்டலினில் இரண்டிரண்டு தந்திகள் ஒரே சுருதியில். 12 தந்திக் கிதாரில் சுமார் 48 மில்லிமீட்டருக்குள் பன்னிரண்டு பள்ளங்கள். ஜோடியில் ஒன்று சிக்கினாலும் இரண்டும் மோதி அலையடிக்கும் ஒலி உடனே கேட்கும். இந்தக் கருவிகளில் நட் வேலையை முதல் முயற்சியாகச் செய்து பார்க்காமல் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

★ ஒரு பள்ளம் மட்டும் ஆழமாகிவிட்டால் முழு நட்டையும் மாற்ற வேண்டியதில்லை. எலும்பு நட் என்றால் எலும்புத் தூளையே பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல்லாக இறுகிவிடும், மறுபடி அறுத்துக்கொள்ளலாம். தூள் இல்லாதபோது சமையல் சோடாவிலும் இதைச் செய்கிறார்கள். தற்காலிகத்துக்குச் சரி. தினமும் வாசிப்பவருக்கு அது நெடுநாள் தாங்காது.

★ புதிய தந்தி போட்ட முதல் சில நாள் சுருதி இறங்குவது நட்டின் குறையல்ல. தந்தி நீண்டு, கீயில் சுற்றிய சுற்றுகள் இறுகி முடியும்வரை அது நடக்கும். நைலான் தந்திகளில் இன்னும் அதிக நாள் ஆகும். தந்தியைக் கையால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி மறுபடி சுருதி சேர்த்தால் சீக்கிரம் அடங்கும். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். மேலே போய்விட்டால் ஒரு சுரம் கீழே இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றிவாருங்கள். இறக்கியபடியே நிறுத்தினால் நட்டுக்கும் கீக்கும் நடுவே தளர்வு தங்கி, முதல் வளைப்பிலேயே சுருதி கலையும்.